நீங்கள் வாங்காத கடன் உங்கள் சிபிலில் இருந்தால்: படிப்படியாக என்ன செய்வது

வீட்டுக் கடனுக்கோ வண்டிக் கடனுக்கோ விண்ணப்பித்து, "உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு கடன் கட்டாம நிக்குதே" என்று வங்கி திருப்பி அனுப்பும்போதுதான் பெரும்பாலானவர்களுக்கு இந்த விஷயமே தெரியவருகிறது. பான் எண்ணையும் ஆதார் நகலையும் வைத்து வேறு யாரோ உங்கள் பெயரில் கடன் வாங்கிப் போயிருப்பார்கள். தவணை கட்டாததால் விழும் கறை உங்கள் மேல்.

எனக்கும் இது நடந்தது. கேள்விப்பட்டே இராத ஒரு நிதி நிறுவனம், நான் வசித்தே இராத ஊரில் ஒரு முகவரி, என்னுடையதல்லாத ஒரு கைபேசி எண். எல்லாம் என் சிபில் ரிப்போர்ட்டில், அதாவது நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் அறிக்கையில், என் பெயருக்குக் கீழே இருந்தன. அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது. எந்த இடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்த வரிசைதான் இது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிபில் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனம் "இது இவருடைய கடன் இல்லை" என்று சொன்னால்தான் அழிக்கும். எனவே உங்கள் முயற்சி முழுக்க அந்த நிறுவனத்திடமிருந்து எழுத்தில் ஒரு பதிலை வாங்குவதில் இருக்க வேண்டும்.

இன்னொன்று: அந்தக் கடனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். "சின்னத் தொகைதானே, கட்டி முடிச்சிருங்க, க்ளியர் ஆயிடும்" என்று வசூல் ஏஜென்ட் சொல்வார், சில நேரம் வங்கி ஊழியரே சொல்வார். கட்டினால் அந்தக் கடனை நீங்களே ஒப்புக்கொண்டதுபோல் ஆகும். தொகையைக் குறைத்துப் பேசி முடித்தால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று பதிவாகும். அடுத்த வங்கிக்கு அதுவும் ஒரு கறைதான்.

1. நான்கு ரிப்போர்ட்டையும் எடுங்கள்

எல்லோரும் 'சிபில்' என்றே சொல்கிறோம். ஆனால் இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் நான்கிலும் உறுப்பினராக இருந்து நான்குக்கும் தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே ஒன்றில் சரிசெய்துவிட்டு மற்ற மூன்றை மறந்தால், அடுத்த வங்கி எக்ஸ்பீரியனைப் பார்த்துவிட்டு உங்களைத் திருப்பி அனுப்பும்.

ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு காலண்டர் ஆண்டிலும் ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அவரவர் இணையதளத்தில் பான் எண், பிறந்த தேதி, கைபேசி எண் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்யும்போது மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று திட்டங்களைக் காட்டுவார்கள். அதைத் தாண்டி இலவச ரிப்போர்ட் என்ற இணைப்பைத் தேடுங்கள். பணம் கட்டும் ஆப்களிலும் வங்கி ஆப்களிலும் தெரியும் ஸ்கோர் இந்த வேலைக்குப் போதாது. முழு ரிப்போர்ட்டின் பி.டி.எஃப். வேண்டும்.

இங்கே தேதியையும் கொஞ்சம் யோசியுங்கள். திருத்தம் நடந்த பிறகு இன்னொரு முறை நான்கையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதே ஆண்டுக்குள் என்றால் இரண்டாவது ரிப்போர்ட்டுக்குச் சில நூறு ரூபாய் ஆகலாம். ஆண்டுக் கடைசியில் வேலையைத் தொடங்குபவருக்கு ஜனவரியில் மறுபடி இலவசமாகவே கிடைத்துவிடும்.

மகளிர் குழுக் கடன், மைக்ரோஃபைனான்ஸ் கடன் என்று சந்தேகம் இருந்தால் சி.ஆர்.ஐ.எஃப். ரிப்போர்ட்டை மிகக் கவனமாகப் பாருங்கள். அந்த வகைக் கடன்களின் விவரம் அங்கே விரிவாக இருக்கும். குழுவில் சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிய ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸை வைத்துக் கடன் எடுத்த விவகாரங்கள் நம் ஊர்ப்பக்கம் புதிதல்ல.

2. ரிப்போர்ட்டில் எதையெல்லாம் குறித்துக்கொள்வது

பேனாவோடு உட்காருங்கள். கடன் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. மூன்று பகுதிகளிலும் போலிச் சரக்கு இருக்கும்.

கணக்குகள் பகுதியில் உங்களுடையதல்லாத ஒவ்வொரு கடனுக்கும் நிறுவனத்தின் பெயர், கணக்கு எண், தொடங்கிய தேதி, தொகை, பாக்கி, நிலை ஆகியவற்றைக் குறியுங்கள். ரிப்போர்ட்டில் லோன் ஆப்பின் பெயர் இருக்காது. அதற்குப் பின்னால் பணம் கொடுத்த என்.பி.எஃப்.சி.யின் (வங்கி அல்லாத நிதி நிறுவனத்தின்) பெயர்தான் இருக்கும். "இந்தப் பேரே கேள்விப்பட்டதில்லையே" என்று திகைக்க வேண்டாம். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து கொடுத்த கடன் என்றால் ஒரே கடன் இரண்டு பெயரில் தெரியலாம். வாராக்கடனாக வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தால் அந்த நிறுவனத்தின் பெயரும் வரும்.

விசாரணைகள் பகுதியில், உங்கள் பெயரில் யார் யார் கடனுக்காக ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள் என்று தேதியோடு இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காத ஒவ்வொன்றையும் குறியுங்கள். மோசடி நடந்த வாரத்தில் வரிசையாகப் பல நிறுவனங்களிடம் முயன்றிருப்பார்கள். கடன் கிடைக்காமல் போன இடங்களும் இதில் தெரியும்.

அப்புறம், பலர் பார்க்காமல் விடும் பகுதி: தொடர்பு விவரங்கள். மோசடிக்காரர் கொடுத்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் முகவரியும் உங்கள் பெயரில் ஏறியிருக்கும். இது சாதாரண விஷயம் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டை யாராவது பார்த்தால் கடன் தகவல் நிறுவனம் எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சலில் எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பதிவில் இருக்கும் எண் மோசடிக்காரருடையது என்றால் அந்த எச்சரிக்கை யாருக்குப் போகும்? கடனை நீக்கச் சொல்லும்போதே அந்த எண்ணையும் முகவரியையும் நீக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டின் மேலே இருக்கும் கண்ட்ரோல் எண்ணையும் தேதியையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடிதத்திலும் கேட்பார்கள்.

3. போலீஸ் புகார்

ஆன்லைனில், லோன் ஆப் வழியாக எடுத்த கடன் என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து, அந்த ஒப்புகை எண்ணோடு உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கோ, மாநகரம் என்றால் அங்குள்ள சைபர் கிரைம் பிரிவுக்கோ போங்கள். கடையில் போன் வாங்கிய தவணை, குழுக் கடன், கையெழுத்துப் போட்ட காகிதக் கடன் என்றால் உள்ளூர்க் காவல் நிலையமே போதும். பணம் இப்போதுதான் போயிருக்கிறது, சில மணி நேரம்கூட ஆகவில்லை என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.

புகாரில் "என் சிபில் கெட்டுவிட்டது" என்று தொடங்காதீர்கள். "என் பான், ஆதார் விவரங்களைப் பயன்படுத்தி என் அனுமதியின்றி என் பெயரில் கடன் பெறப்பட்டுள்ளது" என்று தொடங்குங்கள். முதலில் சொன்னது வங்கியோடு உங்களுக்குள்ள தகராறுபோல் கேட்கும், "பேங்க்ல போய்ப் பேசுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது நேரடியாகக் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதற்கும், 66டி பிரிவு கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கும் உரியவை. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: ரிப்போர்ட்டின் நகல் (போலிப் பதிவுகளைக் குறித்தது), பான், ஆதார் நகல், அந்தக் கடன் தேதியை ஒட்டிய மாதங்களின் வங்கி ஸ்டேட்மென்ட், ஏஜென்ட்டுகளின் மிரட்டல் குறுஞ்செய்திகள் இருந்தால் அவற்றின் ஸ்கிரீன்ஷாட்.

நிலையத்தில் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதை வாங்காமல் வெளியே வராதீர்கள். கடன் நிறுவனங்களில் சில அதையே ஏற்றுக்கொள்ளும், பல எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று நிற்கும். எனவே எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பதிந்தால் அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம், அது சட்டப்படி உங்கள் உரிமை. பதிய மறுத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரைத் தபாலில் அனுப்பலாம். மாநகரமானால் அங்குள்ள மேலதிகாரிக்கு. அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்தது மாஜிஸ்திரேட். அந்த அளவுக்குப் போக நேர்ந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

4. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இந்தப் படிதான்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்வதில் பயனில்லை. அவர்கள் திரையில் உங்கள் பெயர், உங்கள் பான், உங்கள் ஆதார் தெரியும். "சார், கே.ஒய்.சி. எல்லாம் மேட்ச் ஆகுது, கட்டிடுங்க" என்பார்கள். மோசடி செய்தவர் பயன்படுத்தியதே உங்கள் பான் என்னும்போது அது மேட்ச் ஆகாமல் வேறென்ன செய்யும்? நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர் அதிகாரி, முதன்மை நோடல் அதிகாரி என்று பெயரும் மின்னஞ்சலும் போட்டிருப்பார்கள். போட வேண்டும் என்பது விதி. முதலில் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல், நகல் நோடல் அதிகாரிக்கு. கூடவே அச்சடித்த கடிதத்தை அவர்களின் பதிவு அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில், கிடைத்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். பதிவு அஞ்சல் 2025ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது என்பதால் தபால் நிலையத்தில் அப்படிக் கேட்டால் குழப்பம் இருக்காது.

"கடனை நீக்குங்கள்" என்று மட்டும் கேட்டால் "எங்கள் பதிவு சரிதான்" என்று ஒரு வரியில் பதில் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. கேட்க வேண்டியது ஆதாரங்களை. இவற்றை வரிசையாக எண் போட்டுக் கேளுங்கள்:

- கடன் தொகை செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கின் எண், ஐ.எஃப்.எஸ்.சி., கணக்கு வைத்திருப்பவரின் பெயர், தேதி, யு.டி.ஆர். எண் (பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்)
- விண்ணப்பத்தில் கொடுக்கப்பட்ட கைபேசி எண், மின்னஞ்சல், முகவரி
- கே.ஒய்.சி.க்கு எடுத்த செல்ஃபி அல்லது வீடியோ, பதிவேற்றிய ஆவணங்கள்
- கடன் ஒப்பந்தமும் இ-சைன் (மின்னணுக் கையெழுத்து) பதிவும், ஓ.டி.பி. எந்த எண்ணுக்குப் போனது என்பதும், ஐ.பி. முகவரியும்
- தவணைக்காக ஆட்டோ டெபிட் ஆணை எந்த வங்கிக் கணக்கில் பதியப்பட்டது என்பது
- முன்பு ஏதாவது தவணை கட்டப்பட்டிருந்தால் அது எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பது

இந்தப் பட்டியலில் முதல் வரிதான் உயிர்நாடி. டிஜிட்டல் கடன் தொகை, சில விதிவிலக்குகள் தவிர, கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டது. பணம் போன கணக்கு உங்களுடையது இல்லை என்றால் அந்த நிறுவனம் இரண்டில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்: கடன் வாங்கியவர் நீங்கள் இல்லை, அல்லது பணத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்காமலே கொடுத்தார்கள். அதன் பிறகு பேச்சின் தொனியே மாறும். எனக்கும் திருப்பம் அங்கேதான் வந்தது. பணம் போன கணக்கின் கடைசி 4 இலக்கம் எழுத்தில் கிடைத்ததும், என் வங்கியிடமிருந்து "இந்த எண்ணில் முடியும் கணக்கு எதுவும் இவருக்கு எங்களிடம் இல்லை" என்று ஒரு கடிதம் வாங்கி இணைத்தேன்.

"தனியுரிமை காரணமாக இந்த விவரங்களைத் தர இயலாது" என்று பதில் வரலாம். அதற்கு இப்படி எழுதுங்கள்:

"இந்தக் கடனை நான்தான் வாங்கினேன் என்று கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தாங்கள் தெரிவித்துள்ளீர்கள். நான் கடன் வாங்கியவர் என்றால், கடன் ஒப்பந்தத்தையும் தொகை செலுத்திய விவரத்தையும் பெறும் உரிமை எனக்கு உண்டு. நான் கடன் வாங்கியவர் இல்லை என்றால், என் பெயரில் உள்ள பதிவை நீக்கும் கடமை தங்களுக்கு உண்டு. இரண்டில் எது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."

இதற்கு நேரான மறுப்பு எழுதுவது அவர்களுக்குக் கடினம். கடிதத்தின் கடைசியில் மூன்று கோரிக்கைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: விசாரணை முடியும்வரை வசூல் நடவடிக்கையை நிறுத்துவது, இந்தக் கடன் மோசடியாகப் பெறப்பட்டது, எனக்கு இதில் பொறுப்பு இல்லை என்று நிறுவனத்தின் கடிதத்தாளில் கடிதம் தருவது, நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் கணக்கையும், அதோடு வந்த விசாரணைப் பதிவையும், தவறான தொடர்பு விவரங்களையும் நீக்கச் சொல்லித் தகவல் அனுப்புவது. 'நீக்குதல்' என்று குறிப்பாக எழுதுங்கள். 'கடன் முடிக்கப்பட்டது' என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள் சிலர். முடிந்த கடனாகக் காட்டினாலும் பழைய தவணைத் தவறல்கள் வரலாற்றில் அப்படியே இருக்கும்.

சில நிறுவனங்கள் உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். கேட்ட பிறகு செய்தால் போதும். முத்திரைத்தாள், டைப்பிங், நோட்டரி எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அவர்கள் அனுப்பும் மாதிரியில் "நான் அறியாமல் கொடுத்த ஓ.டி.பி. காரணமாக" என்பது போன்ற வாசகம் ஒளிந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். நடக்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆவண நகல்களை அனுப்பும்போது ஆதாரின் முதல் 8 இலக்கம் மறைத்த நகலை அனுப்புங்கள். ஒவ்வொரு நகலின் மேலும் "மோசடிப் புகாருக்காக மட்டும்" என்று எழுதி, நிறுவனத்தின் பெயரும் தேதியும் போடுங்கள், எழுத்து படத்தின் மேலேயே விழும்படி.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதுவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இந்த நிறுவனங்களில் பலவற்றின் குறைதீர் பிரிவு மும்பையிலோ பெங்களூரிலோ டெல்லிப் பக்கமோ இருக்கும். ஆங்கிலக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினால் மொழிபெயர்ப்புக் காரணம் சொல்லி நாள் கடத்த முடியாது.

5. கடன் தகவல் நிறுவனங்களில் டிஸ்பியூட்

நிறுவனத்துக்கு எழுதிய அன்றே இதையும் தொடங்கிவிடுங்கள், பதில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிபிலில் உள்நுழைந்து அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்ற வகையில் டிஸ்பியூட், அதாவது ஆட்சேபம், போட வேண்டும். தொகை தவறு, தேதி தவறு என்ற வகைகளைத் தொடாதீர்கள். தொகை தவறு என்று சொன்னால் கடன் உங்களுடையது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கட்டணம் எதுவும் இல்லை. மற்ற மூன்று நிறுவனங்களிலும் இதேபோல அவரவர் தளத்தில் பதிவு செய்து, எஃப்.ஐ.ஆர். அல்லது சி.எஸ்.ஆர். நகலை இணையுங்கள்.

முதல் பதில் பெரும்பாலும் "நிறுவனம் தகவலை உறுதி செய்துள்ளது, மாற்றம் இல்லை" என்றுதான் வரும். மனம் தளர வேண்டாம். சிபில் அந்த நிறுவனத்திடம் கேட்டது, அவர்கள் பழைய பதிவையே திருப்பிச் சொன்னார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. நீங்கள் சொன்னதை யாரும் விசாரித்ததாக அர்த்தம் இல்லை. கோரிக்கையை மறுத்தால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அந்தக் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள், பின்னால் ஓம்பட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகார்களைத் தீர்க்கும் ரிசர்வ் வங்கி அதிகாரி) போக நேர்ந்தால் அது உதவும். நான்காம் படியில் சொன்ன கடிதம் கைக்கு வந்ததும் அதை இணைத்து மறுபடியும் போடுங்கள்.

6. 30 நாள், அதன் பிறகு நாளுக்கு 100 ரூபாய்

இது பலருக்குத் தெரியாது. புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்வு இல்லை என்றால், அதற்குப் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் போட்ட உத்தரவு, 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. இந்த 30 நாளில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 21 நாள். அதற்குள் அது திருத்தம் அனுப்பவில்லை என்றால் இழப்பீடு அதன் தலையில். அது அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் தாமதித்தால் பொறுப்பு கடன் தகவல் நிறுவனத்துடையது.

தொகை பெரிதில்லை. ஆனால் கடிதத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டு, 31வது நாள் எந்தத் தேதியில் வருகிறது என்றும் எழுதினால் உங்கள் கோப்பு அடியில் கிடக்காது. இதற்காகவே முதல் புகாரின் எண்ணையும் தேதியையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் போடும் ஒவ்வொரு புகாரிலும் "முதல் புகார் இந்தத் தேதியில், இந்த எண்ணில்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்னஞ்சலையும் புதுப் புகாராக எடுத்துக்கொண்டு நாள் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்குவார்கள்.

7. ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன்

நிறுவனத்துக்கு எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். புகார் தளத்தில் பதியலாம். தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற எண், தமிழிலும் பேசலாம். கட்டணம் கிடையாது. 2022 செப்டம்பர் 1 முதல் கடன் தகவல் நிறுவனங்களும் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆகவே கடன் நிறுவனத்தின் மேல் ஒன்று, சிபில் போன்றவற்றின் மேல் தேவைப்பட்டால் தனியாக ஒன்று என்று இரண்டு புகாராகப் போடுங்கள்.

இங்கே புகார்கள் தள்ளுபடியாகும் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. முதலில் நிறுவனத்துக்கு எழுதாமல் நேராக இங்கே வருவது. 30 நாள் முடிவதற்கு முன்பே பதிவது. நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலை இணைக்காமல் விடுவது. வக்கீல் மூலமாகப் பதிவது, இந்தத் திட்டத்தில் அது ஏற்கப்படாது. ஏற்கெனவே நீதிமன்றத்தில் வழக்கு போட்ட விஷயத்தைக் கொண்டுவருவது. பதிவதற்குக் காலவரம்பும் உண்டு, எனவே மோசமான பதில் கையில் வந்ததும் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள்.

புகாரை ஒரு பக்கத்துக்குள் தேதி வரிசையில் எழுதுங்கள். உணர்ச்சியைக் குறைத்து இணைப்புகளுக்கு எண் போடுங்கள்: இணைப்பு 1 ரிப்போர்ட், இணைப்பு 2 எஃப்.ஐ.ஆர்., இணைப்பு 3 நிறுவனத்துக்கு எழுதியது, இணைப்பு 4 அவர்கள் பதில், இணைப்பு 5 உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட். புகாரைக் கையில் எடுப்பவர் அதிலேயே முழு விஷயத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கடன் கொடுத்தவர் ரிசர்வ் வங்கியில் பதிவே இல்லாத ஆப் என்றால் ஓம்பட்ஸ்மேன் வழி செல்லாது. அதற்கு, பதிவில்லாத நிதி நிறுவனங்கள் மீது புகார் செய்யும் ரிசர்வ் வங்கியின் சசேத் தளமும் போலீஸும்தான். அப்படிப்பட்டவர்களால் சிபிலில் பதிவு ஏற்றவும் முடியாது. மிரட்டல் மட்டும்தான் வரும்.

8. நடுவில் வரும் தொல்லைகள்

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. சொந்தக்காரர்களுக்கும் அலுவலகத்துக்கும் போன் செய்து அவமானப்படுத்தக் கூடாது. செய்தால் பதிவு செய்து, அதே குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். ஏஜென்ட்டிடம் வாதாட வேண்டாம். "மோசடிப் புகார் நிலுவையில் இருக்கு, புகார் எண் இது, இனி எழுத்துல பேசுங்க" என்று சொன்னால் போதும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்த வாசகத்தைச் சொல்லி வையுங்கள். நாம் இல்லாத நேரம் பார்த்து அம்மாவிடமோ மனைவியிடமோ பேசிப் பணம் வாங்கப் பார்ப்பார்கள்.

ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பு சொல்லும் முறை) நோட்டீஸ், லோக் அதாலத் நோட்டீஸ், வக்கீல் நோட்டீஸ் என்று வாட்ஸ்அப்பிலோ தபாலிலோ வரலாம். பல நோட்டீஸ்கள் பயமுறுத்துவதற்காகவே வருபவை. ஆனால் எதையும் பதில் சொல்லாமல் விடாதீர்கள். உண்மையான ஆர்பிட்ரேஷன் என்றால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். "இந்தக் கடன் என்னுடையது அல்ல, எந்த ஒப்பந்தத்திலும் நான் கையெழுத்திடவில்லை, எஃப்.ஐ.ஆர். இணைப்பு" என்று அந்தத் தேதிக்குள் ஒரு பதில் போய்விட வேண்டும்.

"500 ரூபாயில் சிபில் க்ளியர்", "15 நாளில் ஸ்கோர் 750" என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். அவர்கள் செய்வதும் இதே இலவச டிஸ்பியூட்தான். அதற்காக உங்கள் பான், ஆதார், ஓ.டி.பி. எல்லாம் கேட்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை அடையாளம் திருடுபோனவரிடம் அதே ஆவணங்களை மறுபடி வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பான் எண் திருடுபோனது என்பதற்காகப் புதுப் பான் வாங்க நினைக்காதீர்கள். இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம். புது எண் பழைய கறையை எடுக்கவும் செய்யாது.

9. திருத்தம் ஆனதும், மறுபடி நடக்காமலிருக்கவும்

நிறுவனம் திருத்தம் அனுப்பியதாகச் சொன்னாலும் உடனே தெரியாது. 2025 ஜனவரியிலிருந்து நிறுவனங்கள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை தகவலைப் புதுப்பித்து அனுப்ப வேண்டும். எனவே மூன்று வாரம் கழித்து நான்கு ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். கணக்கு, விசாரணை, கைபேசி எண், முகவரி நான்கும் போயிருக்க வேண்டும். அதுவரை புதுக் கடனுக்கு இங்கும் அங்கும் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு விசாரணையாகப் பதிவாகும். கடன் மிக அவசரம் என்றால் ஒரே ஒரு வங்கியைத் தேர்ந்தெடுத்து, நிறுவனத்தின் கடிதத்தையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் மேலாளரிடம் நேரில் காட்டி, எழுத்தில் விளக்கம் கொடுத்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஏற்பது அவர்கள் முடிவு. கடிதம் கையில் இருந்தால் கேட்கவாவது செய்வார்கள்.

மோசடிக்காரர் கடனோடு நிறுத்தியிருக்க மாட்டார். ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி இவற்றைச் செய்துவிடுங்கள், எல்லாம் இலவசம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, தெரியாத எண்ணைப் புகார் செய்யுங்கள். ஆதார் தளத்தில் சென்ற 6 மாத அங்கீகார வரலாற்றைப் பாருங்கள், பிறகு கைரேகையைப் பூட்டி வையுங்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் குடும்பம் என்றால் பூட்டு இருக்கும்போது அது வேலை செய்யாது, தேவைப்படும்போது திறந்துகொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண் கொண்டு தேடினால் உங்கள் பெயரில் யாராவது ஜி.எஸ்.டி. பதிவு எடுத்திருக்கிறார்களா என்று தெரியும். வருமான வரித் தளத்தில், உங்கள் ஆண்டு வருமான விவரங்களைத் தொகுத்துக் காட்டும் ஏ.ஐ.எஸ். அறிக்கையில் உங்களுடையதல்லாத வருமானம் இருந்தால் அங்கேயே மறுப்பைப் பதியலாம். உங்கள் வங்கியிடம் ஆட்டோ டெபிட் ஆணைகளின் பட்டியலைக் கேட்டு, தெரியாததை ரத்து செய்யுங்கள்.

செலவும் நேரமும்

ரிப்போர்ட், போலீஸ் புகார், டிஸ்பியூட், ஓம்பட்ஸ்மேன் எதற்கும் கட்டணம் இல்லை. செலவாவது ஜெராக்ஸ், ஸ்பீட் போஸ்ட், கேட்டால் உறுதிமொழிப் பத்திரம், இரண்டாவது முறை ரிப்போர்ட் எடுக்கும் செலவு. வக்கீல் வைக்காதவரை ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். இதில் யாராவது பத்தாயிரம் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

நேரம்தான் கூடுதலாக ஆகும். நிறுவனம் ஒத்துழைத்தால் ஒன்றரை, இரண்டு மாதம். ஓம்பட்ஸ்மேன் வரை போனால் நான்கு முதல் ஆறு மாதம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் கடனுக்காகக் காத்திருப்பவர்கள் விற்பவரிடம் இதைச் சொல்லி ஒப்பந்தக் கெடுவை நீட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் நிறுவனம் கொடுத்த அந்தக் கடிதத்தை அசலாகப் பத்திரப்படுத்தி, ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். வாராக்கடன்களை மொத்தமாக வேறு நிறுவனத்துக்கு விற்கும்போது உங்கள் பெயர் பழைய பட்டியலில் இருந்து மீண்டும் தலைகாட்டலாம். புது நிறுவனத்திலிருந்து போன் வந்தால் அந்தக் கடிதத்தை அனுப்பி, ரிப்போர்ட்டில் மறுபடி ஏற்றினால் இழப்பீட்டுக்கும் ஓம்பட்ஸ்மேனுக்கும் போவேன் என்று அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.